ஐந்து லீற்றர் தண்ணீரும் ஒரு பிரசர் குளிசையும்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 64 வயதுப் பெண். வவுனியா மாவட்டத்தின் தெற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகள், மருமகன், ஏழு வயதுப் பேரன் ஆகியோருடன் வாழ்பவர். ஓகஸ்ட் மாதத்தில், சோளகம் அடித்துக் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்த நேரத்தில், காலை ஏழு மணியளவில் முச்சக்கரவண்டியில் கொண்டுவந்தார்கள். குடும்பத்தாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூன்று நாளாகத் தலையிடி, ஓங்காளம், சாப்பாட்டில் மனமில்லை. நடக்கும்போது தள்ளாட்டம். "ராத்திரியில இருந்து அம்மா அலட்டுறா டொக்டர். என்னைப் பாத்து, செத்துப்போன பெரியம்மான்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறா" என்றார் மகள். காய்ச்சல் இல்லை. கை கால் ஒரு பக்கம் விழவில்லை. இரத்த அழுத்தம் 138/78. சீனியின் அளவு டெசிலீற்றருக்கு 118 மி.கி. நாக்கு ஈரமாக இருந்தது, காலில் வீக்கம் இல்லை. நாள் எது, இடம் எது என்று கேட்டால் பதில் இல்லை. "பிள்ளை, தண்ணி தா" என்று மட்டும் தெளிவாகக் கேட்டார்.

இரத்தப் பரிசோதனையில் சோடியம் 116 மில்லிமோல். சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. பொட்டாசியம் 3.1, மக்னீசியம் 0.62, இரண்டும் குறைவு. கிரியாற்றினின் 0.8. அதாவது சிறுநீரகம் கெட்டுப்போகவில்லை. சிறுநீரின் செறிவு, அதாவது அதில் கரைந்திருக்கும் பொருட்களின் அளவு, லீற்றருக்கு 190 மில்லி ஒஸ்மோல். சோடியம் இவ்வளவு ஐதாகும்படி உடம்பில் தண்ணீர் மிஞ்சியிருக்கும்போது அது 100-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

நாங்கள் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மினரல் வாட்டர் குடிச்சு உடம்பில இருந்த சத்தெல்லாம் கழுவுப்பட்டுப் போச்சு" என்றார்கள் கூட வந்தவர்கள். மருமகன் வழியிலேயே பில்டர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, இனிப் போத்தல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த ஆய்வை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தத் தொலைபேசி அழைப்புத்தான். அந்த முடிவு அப்படியே நின்றிருந்தால் அந்த வீட்டில் இன்னொருவருக்குக் கேடு வந்திருக்கும்.

தண்ணீரின் வரலாறு

வன்னியில் மினரல் வாட்டர் என்று வீட்டுக்கு வருவது அநேகமாக ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீர். குழாய்க்கிணற்று நீரை அழுத்தத்தோடு மென்சவ்வு ஒன்றின் ஊடாகச் செலுத்தினால் உப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் பின்னே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் முன்னே வரும். அதைத்தான் 19 லீற்றர் போத்தலில் அடைத்துக் கொடுக்கிறார்கள். நிலத்தடி ஊற்றிலிருந்து எடுத்து, இயற்கையான கனிமங்களோடு அடைக்கும் உண்மையான கனிம நீர் வேறு. இலங்கையில் அதற்கு எஸ்.எல்.எஸ். 1038 தரம், சாதாரணப் போத்தல் குடிநீருக்கு எஸ்.எல்.எஸ். 894 தரம். கடையில் வாங்கும் போத்தலில் எந்த இலக்கம் இருக்கிறதென்று பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

இந்தக் குடும்பம் மூன்று மாதத்துக்கு முன்புதான் கிணற்றைக் கைவிட்டது. நோயாளியின் தமையன் கிட்னி வருத்தத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், ஜூலையில் காலமானார். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990-களின் நடுப்பகுதியில் மதவாச்சி, பதவியாப் பக்கம் கவனத்துக்கு வந்தது. பின்னர் வவுனியா மாவட்டத்திலும் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். நீரிழிவும் பிரசரும் இல்லாத, வயலில் பாடுபடும் ஆட்களை அது பிடித்தது. புளோரைட்டோடு சேர்ந்த கடின நீர் (கல்சியமும் மக்னீசியமும் கூடிய நீர்), விவசாய இரசாயனங்கள், கட்மியம், வெயிலில் நீர் வற்றும் வேலை எனப் பலதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. அதற்காக மக்கள் காத்திருக்க முடியாது. கடற்படையும் கிராம அமைப்புகளும் ஆர்.ஓ. நிலையங்களை அமைத்ததும் மக்கள் அவற்றை நாடியதும் நியாயமான முன்னெச்சரிக்கை.

கேத்தில் இன்னொரு பயத்தைக் கொடுத்தது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். "கேத்தில்ல படியிறது கிட்னியிலயும் படியும்தானே" என்று பலரும் நம்புகிறார்கள், இவரும் நம்பினார். உண்மையில் கேத்திலில் நடப்பது சூட்டினால் நடப்பது. கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல்சியம் பைகாபனேற்று சுண்ணாம்பாகி அடியில் உட்காரும். சிறுநீரகக் கல் பெரும்பாலும் கல்சியம் ஒக்சலேற்று. அது சிறுநீர் தடித்துப்போகும்போது உருவாவது. சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும் கல்சியம் ஒக்சலேற்றைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுவதால், கல்சியத்தைப் பட்டினி போடுவது கல்லைத் தடுக்காது. இதை அவருக்கு யாரும் இருந்து விளக்கவில்லை.

ஆக, தமையனின் செத்தவீட்டுக்குப் பிறகு மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. கிட்னியைக் கழுவ வேண்டுமென்று தண்ணீரைக் கூட்டினார். பிரசருக்கு உப்பு ஆகாதென்று உப்பை முற்றாக நிறுத்தினார். காலையில் மெல்லிய குரக்கன் கஞ்சி, இரவில் சோற்றுக்கஞ்சி, இரண்டிலும் உப்பில்லை. மீனும் பருப்பும் குறைந்துபோயின. வந்த நாளுக்கு ஏறக்குறைய மூன்று கிழமைக்கு முன்பு, கிளினிக் ஒன்றில் பிரசர் குளிசையை மாற்றி ஹைட்ரோகுளோரோதயசைட்டு கொடுத்திருந்தார்கள். சிறுநீரோடு உப்பை வெளியேற்றும் தயசைட்டு வகைக் குளிசை அது.

எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு போத்தல் எத்தனை நாளைக்கு வரும் என்று மகளிடம் கேட்டேன். அம்மாவுக்கெனத் தனியாக ஒரு போத்தல், மற்றவர்களுக்கு வேறு. முதலில் ஒரு கிழமை வந்தது. பிறகு ஐந்து நாள். கடைசியாக நான்கு நாளைக்குள் முடிந்தது. அதாவது நாளொன்றுக்கு ஐந்து லீற்றருக்குக் கிட்ட. இவர் வயலுக்குப் போகிறவரல்ல, வீட்டு நிழலில் இருப்பவர்.

வார்டில் முதல் இரண்டு நாள்

தயசைட்டு குளிசையை உடனே நிறுத்தினோம். மனக்குழப்பம் இருந்ததால் 3 சதவீத சேலைன் (செறிவான உப்புக் கரைசல்) 150 மி.லீ. 20 நிமிடத்தில் ஏற்றினோம். பொட்டாசியமும் மக்னீசியமும் கொடுத்தோம். குடிக்கும் தண்ணீரை மட்டுப்படுத்தினோம்.

இங்கே ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. சோடியம் குறைந்தால் மூளைக் கலங்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கும். அதை வேகமாக ஏற்றினால் அதே கலங்கள் சுருங்கி, மூளைத்தண்டின் நரம்பு உறைகள் சிதைந்து, பேச்சும் நடையும் இல்லாமல் போகலாம். பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. ஆகவே முதல் 24 மணித்தியாலத்தில் 8-க்கு மேல் ஏற விடுவதில்லை என்று தீர்மானித்தோம்.

இரவு பத்து மணிக்குத் தாதி கூப்பிட்டுச் சிறுநீர்ப் பையைக் காட்டினார். உள்ளே இருந்தது வெறும் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது. மணிக்கு 400 மி.லீ. இறங்கிக்கொண்டிருந்தது. குளிசையின் பிடி விட்டதும் சிறுநீரகம் தேங்கியிருந்ததை எல்லாம் ஒரேயடியாக வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது. பார்ப்பதற்கு நல்ல அறிகுறி, ஆனால் சோடியம் தாவி ஏறும் நேரம் இதுதான். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தோம். 16-ஆவது மணித்தியாலத்தில் 123. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (உப்பில்லாத சீனிக் கரைசல்) ஏற்றி வேகத்தைக் குறைத்தோம். 24-ஆவது மணித்தியாலத்தில் 124, இரண்டாம் நாள் முடிவில் 130, அடுத்த நாள் 134. இரண்டாம் நாள் காலையிலேயே மகளைச் சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டு, கோழிக்குத் தீன் போட்டாச்சா என்று விசாரித்தார்.

தண்ணீர் எவ்வளவுக்குப் பொறுப்பு?

நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீராகப் போய்விடும்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீர் தனியாக வெளியேறாது. அதைக் கொண்டுபோக உப்பும் யூரியாவும் வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு நாளுக்கு 600 முதல் 900 மில்லி ஒஸ்மோல் அளவுக்கு இந்தக் கழிவுப் பொருட்கள் சேரும். சுகமான சிறுநீரகம் சிறுநீரை 60 அளவுக்கு ஐதாக்கினால் 600-ஐ வைத்துக்கொண்டே பத்து லீற்றரை வெளியேற்றலாம். உப்பில்லாத கஞ்சியில் வாழ்ந்தவருக்குச் சேர்ந்தது 280 அளவில் இருந்திருக்கலாம். இது உணவைக் கேட்டு நான் போட்ட கணக்கு. தயசைட்டோ சிறுநீரை ஐதாக்கும் அந்தக் குழாய்ப் பகுதியிலேயே போய் வேலை செய்கிற மருந்து. சிறுநீர் 190-க்குக் கீழே இறங்கவில்லை. 280-ஐ 190-ஆல் பிரித்தால் ஒன்றரை லீற்றர். ஐந்து லீற்றர் உள்ளே, ஒன்றரை வெளியே. வியர்வையும் மூச்சும் ஒரு லீற்றரைக் கொண்டுபோனாலும் மிச்சம் உடம்புக்குள்ளேதான். சோடியக் குறைவு வந்தது அந்தக் கடைசிக் கிழமையில்.

சரி, ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதிலாகப் பழைய கிணற்றுத் தண்ணீரையே குடித்திருந்தால்? வீட்டுக் கிணற்றிலிருந்தும் போத்தலிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கிணறு: கரைந்த திண்மம் லீற்றருக்கு 860 மி.கி., கடினத்தன்மை 470, கல்சியம் 90, மக்னீசியம் 60, சோடியம் 110, புளோரைட்டு 1.7. போத்தல்: கரைந்த திண்மம் 28, கடினத்தன்மை 8, பி.எச். 6.1, புளோரைட்டு 0.1-க்குக் கீழ். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 திண்மத்துக்கு 500, கடினத்தன்மைக்கு 250, புளோரைட்டுக்கு 1 என்று எல்லை வைக்கிறது. கிணறு மூன்றையும் தாண்டிவிட்டது.

ஐந்து லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் 550 மி.கி. சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொல்லும் நாளாந்த எல்லை 2000 மி.கி., அதில் கால் பங்குக்கு மேல் இது. கொஞ்சமல்ல. ஆனால் இந்த உப்பு எவ்வளவு தண்ணீரை மேலதிகமாக வெளியேற்றும் என்று அதே கணக்கில் போட்டால் கால் லீற்றர்தான் வரும். மற்ற உப்புகளையும் சேர்த்தாலும் அரை லீற்றரைத் தாண்டாது. மிச்சத் தண்ணீர் அப்போதும் தேங்கியிருக்கும், இந்த நோய் அப்போதும் வந்திருக்கும், சில நாள் பிந்தியிருக்கலாம். ஒன்று மட்டும் உண்மை. அந்தச் சவர்த் தண்ணீரை ஐந்து லீற்றர் குடிக்க எவருக்கும் வாய் வராது. வடித்த தண்ணீர் இனிப்பாக, இலேசாக இறங்கும். அந்த ருசி அளவைக் கூட்டியது.

ஆகவே சோடியம் குறைந்ததற்கு முதற் காரணம் குளிசை, அடுத்தது தண்ணீரின் அளவு, அடுத்தது உப்பும் புரதமும் இல்லாத சாப்பாடு. தண்ணீரில் கனிமம் இல்லாதது கடைசியில் வருகிறது.

மக்னீசியத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. கிணற்றுத் தண்ணீர் இரண்டு லீற்றர் குடித்த காலத்தில் நாளுக்கு 120 மி.கி. மக்னீசியமும் 180 மி.கி. கல்சியமும் அதிலேயே கிடைத்தன. ஒரு பெண்ணுக்கு நாளுக்கு வேண்டிய மக்னீசியம் 300 மி.கி.-க்குச் சற்றுக் கூட. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரிலிருந்தே வந்துகொண்டிருந்தது, மூன்று மாதத்துக்கு முன் நின்றுபோனது. சமையலையும் போத்தல் தண்ணீருக்கு மாற்றியிருந்தார்கள். கனிமமற்ற நீரில் அவித்து வடித்தால் மரக்கறியிலும் சோற்றிலும் உள்ள கல்சியமும் மக்னீசியமும் அந்த நீருக்கு இறங்கிவிடும். தயசைட்டும் மக்னீசியத்தைச் சிறுநீரில் தள்ளும். எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க முடியாவிட்டாலும், இதில் தண்ணீருக்கு ஒரு கை உண்டு என்றே நான் நினைக்கிறேன். மக்னீசியம் குறைந்தால் பொட்டாசியமும் நிற்காது. இவருக்கு இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தன.

கடின நீர் குடிப்பவர்களுக்கு இருதய நோய் குறைவா என்ற கேள்வி பழையது. 1957-இல் ஜப்பானில் கோபயாஷி ஆற்றுநீரின் தன்மையையும் பக்கவாத மரணங்களையும் ஒப்பிட்டதிலிருந்து அது தொடர்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் இஸ்ரேலிலும் மக்னீசியம் இல்லாத நீர் பற்றி மருத்துவர்கள் கவலைப்பட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். 2009-இல் உலக சுகாதார நிறுவனம் குடிநீரிலுள்ள கல்சியம், மக்னீசியம் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. தொடர்பு இருக்கலாம் என்பது மக்னீசியத்தில்தான் கூடுதலாகத் தெரிகிறது.

ஆனாலும் கனிமம் குறைந்த தண்ணீரே நஞ்சு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வன்னி குளங்களின் நாடு. குளத்து நீரும், குளக்கட்டுக்குக் கீழே வெட்டிய ஆழமில்லாத கிணற்று நீரும் பொதுவாக மென்மை கூடியவை. கருங்கல்லைத் துளைத்து இறக்கிய குழாய்க்கிணறு பரவியபோதுதான் கடின நீர் பல வீடுகளுக்கு அன்றாடக் குடிநீரானது. மழைநீர்த் தாங்கியிலிருந்து குடிப்பவர்களும் கனிமமற்ற நீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியதை முருங்கையிலை, குரக்கன், பயறு, எள்ளு, முள்ளோடு தின்னும் நெத்தலி, எருமைத்தயிர் கொடுத்தன. 100 கிராம் குரக்கனில் 300 மி.கி.-க்கு மேல் கல்சியம் இருக்கிறது. தட்டில் இவை இருந்தால் போத்தலில் இல்லாதது பெரிய இழப்பல்ல.

கனிமம் கூடிய போத்தல் நீரும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐரோப்பிய விதிப்படி லீற்றருக்கு 200 மி.கி.-க்கு மேல் சோடியம் உள்ள கனிம நீர் அதைப் போத்தலில் குறிப்பிடலாம். 20-க்குக் குறைந்தால்தான் உப்புக் குறைந்த உணவுக்கு ஏற்றது என்று போடலாம். பிரசர்காரர் வெளிநாட்டுப் போத்தலை வாங்கினால் அந்த வரியைப் பார்த்து வாங்க வேண்டும். மக்னீசியமும் சல்பேற்றும் கூடிய நீர் வயிற்றை இளக்கும்.

பேரனின் பல்

மூன்றாம் நாள் பேரன் அம்மம்மாவைப் பார்க்க வந்தான். சிரித்தபோது புதிதாக முளைத்த முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள் தெரிந்தன, ஒன்றில் மண்ணிறப் புள்ளியும் தொடங்கியிருந்தது. பல் புளோரோசிஸ். எட்டு வயது வரை, நிரந்தரப் பல்லின் மிளிரி (எனாமல்) முரசுக்குள் உருவாகும் காலத்தில், புளோரைட்டு கூடினால் வருவது. பிறகு தண்ணீரை மாற்றினாலும் வந்த கோடு போகாது. ஆனால் உள்ளே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களைக் காப்பாற்றலாம்.

மருமகன் போத்தலை நிறுத்தியது இந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அவனை 1.7 மி.கி. புளோரைட்டுக் கிணற்றுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். கொதிக்கவைத்துக் கொடுக்கிறோம் என்று தாய் சொன்னார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. நீராவி போகப் போக மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடும். அன்றே போத்தலைத் திரும்ப எடுக்கச் சொன்னோம்.

வீட்டுக்குப் போனபோது

ஐந்தாம் நாள் வீடு போனார். பிரசருக்கு அம்லோடிபின். இனித் தயசைட்டு கொடுக்க வேண்டாம் என்று கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பில் எழுதினோம். தண்ணீர் தாகத்துக்கு, நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர். உப்பு முழு நாளுக்கும் ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், ஆனால் அறவே இல்லாமல் அல்ல. மீன், முட்டை, பருப்பு தினமும் ஏதாவது ஒன்று. அவித்த மரக்கறியின் தண்ணீரை ஊற்றாமல் சொதியாகச் சேர்க்கச் சொன்னோம்.

மருமகனுக்குச் சொன்னது வேறு. வெயிலில் வயல் வேலை செய்பவர் நான்கைந்து லீற்றர் குடிக்கத்தான் வேண்டும். மாமியின் கதையைக் கேட்டுத் தண்ணீரைக் குறைத்தால் அவரது சிறுநீரகத்துக்குத்தான் கேடு. வியர்வையில் உப்பும் போகிறபடியால் வெறும் தண்ணீரோடு நிற்காமல் உப்புப் போட்ட சோற்றுக்கஞ்சி கொண்டுபோகட்டும், மிகக் கடும் வெயில் நாளில் ஒரு ஜீவனிப் பக்கற்றை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) கரைத்துக் கொள்ளட்டும் என்றோம். அவருக்குப் பிரசர் இல்லை என்று பார்த்த பிறகுதான் இதைச் சொன்னோம்.

போத்தலை முற்றத்து வெயிலில் வைத்திருந்தார்கள். அதை உள்ளே நிழலுக்கு மாற்றச் சொன்னோம். வடித்த தண்ணீரில் குளோரின் இல்லாதபடியால், குழாய்முனையைக் கழுவாவிட்டால் பாசியும் கிருமியும் எளிதில் பிடிக்கும்.

பில்டர் நிலையத்தை நடத்தும் கிராமச் சங்கத்தாருடனும் பேசினேன். அவர்கள் கையில் ஒரு சிறிய டி.டி.எஸ். மானி இருக்கிறது, காலையும் மாலையும் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள். அது மொத்த உப்பைக் காட்டும். கிருமியையோ புளோரைட்டையோ தனியாகக் காட்டாது. இரண்டையும் ஆய்வுகூடத்தில் பார்க்கவும், வடித்த நீரைச் சுண்ணக்கல் வடியொன்றின் ஊடாக விட்டுக் கொஞ்சம் கல்சியம் சேர்க்கவும் கேட்டிருக்கிறேன். புளோரைட்டு இவ்வளவு இருக்கும் ஊரில் மூலக் கிணற்று நீரைத் திரும்பக் கலப்பது அவ்வளவு நல்லதல்ல. செலவைப் பார்த்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

ஆறாம் கிழமை கிளினிக்கில் சோடியம் 138, பொட்டாசியம் 4.1, மக்னீசியம் 0.78, பிரசர் 134/80. போத்தல் இப்போது அவருக்குப் பத்து நாளைக்கு மேல் வருகிறதாம். பேரனைப் பல் வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறோம். கிணற்று நீரின் உப்பு மாரியில் ஐதாகி, கோடையில் ஏறும். தை மாதத்தில் ஒரு மாதிரியும் அடுத்த ஆவணியில் ஒரு மாதிரியும் எடுப்பதாகக் குடும்பத்தோடு பேசி வைத்திருக்கிறோம். அதுவரை பிள்ளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர்தான்.